காலியாக விட்ட கட்டம்

கணக்கக்காவின் ஆய்வேடு பளபளவென்று அட்டை போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் தம்பி நேற்று மாலை கடையிலிருந்து வந்தவன், வீட்டுக்குள் போகாமல் படிக்கட்டிலேயே ஷூவோடு உட்கார்ந்துவிட்டான். போன வாரக் கதையை நான் நிறுத்தியதும் அதே படிக்கட்டில்தான். என்னப்பா ஆச்சு என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொள்ள வழி இருக்கும்போது கேட்பது மரியாதையில்லை.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் அக்கா, முதல் மாடியில் தம்பியும் அவன் மனைவியும். அக்காவுக்கு டைல்ஸ் கம்பெனியில் கணக்கெழுதும் வேலை; அதனால் கணக்கக்கா. ஊருக்குள் ஏழு கிளை வைத்திருக்கும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில், ஒரு கிளையில் கண்ணைப் பார்த்துப் பவர் சொல்கிறவன் தம்பி. அவன் பெயர் கண்ணாடி. அவன் மனைவி பெயின்ட் கடையில் நிறம் கலந்து கொடுப்பவள். அவளைப் பெயின்ட்டு என்போம், முகத்துக்கு நேரே அல்ல.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியைப் படிக்க வைப்பதற்காகத் தன் படிப்பைப் பாதியில் விட்டவள். இந்தத் தியாகத்தை அவள் ஒருநாளும் மறந்ததில்லை; மற்றவர்களை மறக்க விட்டதுமில்லை. நாற்பது தாண்டிய பிறகு, விட்ட இடத்திலிருந்து பிடிக்கிறேன் என்று வார இறுதி வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். பிசினஸ் அனலிட்டிக்ஸில் முதுகலை.

அப்படியென்றால் என்ன என்று நானும் கேட்டேன். கடைக்கு யார் வருகிறார்கள், வந்தவர்களில் யார் திரும்பி வரவில்லை, ஏன் வரவில்லை என்று கம்ப்யூட்டரை வைத்துக் கண்டுபிடிப்பதாம். அதைத்தான் நான் இத்தனை வருடமாக ஜன்னலோரம் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறேன். எனக்கு யாரும் கறுப்பு அங்கி போர்த்திப் பட்டம் கொடுக்கவில்லை.

அந்தப் படிப்பின் கடைசியில் ஓர் ஆய்வு செய்ய வேண்டும். கூட்டாகச் செய்ய முடியாது. தனியாளாக ஒரு கேள்வியை எடுத்து, தனியாளாக விடை கண்டு, தனியாளாகப் போய் நின்று பதில் சொல்ல வேண்டும். ஆய்வு செய்ய ஏதாவது ஒரு கடையின் விற்பனைப் பதிவுகள் வேண்டுமே? தம்பிதான் தலைமை அலுவலகக் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் தன் நண்பனைப் பிடித்து, கெஞ்சிக் கூத்தாடி, ஏழு கிளைகளின் பதிவுகளையும் வாங்கிக் கொடுத்தான். வாடிக்கையாளர் பெயர் இருக்காது. போன் நம்பருக்குப் பதில் ஒரு ரகசியக் குறி. கிளைகளுக்கும் பெயர் கிடையாது, ஒன்று இரண்டு என்று எண் மட்டும். கைம்மாறாக ஆய்வேட்டின் ஒரு பிரதியைக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும்.

கொடுத்தாள். அங்கிருந்த மேனேஜருக்கு அது பிடித்துப்போய், படிப்பை முடித்துவிட்டு எங்களிடமே வாருங்கள் என்று சொல்லி அனுப்பினதையும், அன்றைக்கு அக்கா படியேறும்போது பாட்டு முணுமுணுத்ததையும் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன்.

இன்றைக்குத்தான் வைவா. ஆய்வைப் பற்றி நேரில் கேள்வி கேட்கிற நாள்.

காலையில் தம்பி தன் காபி டம்ளரைக் கையில் பிடித்தபடியே மாடிக்கு வந்தான். சட்டைப் பையில் ஒரு கண்ணாடிக் கூடு.

"இந்தா. பழசைக் கழட்டிட்டு இதைப் போட்டுக்கோ. அதுல ஒரு காது ஏறி ஒரு காது இறங்கி, எப்பவும் யாரையோ கேள்வி கேக்கற மாதிரியே இருக்கு உன் மூஞ்சி."

"இன்னிக்குக் கேள்வி கேக்கப்போறது அவங்கடா."

"அதான் மாத்திக்கோங்கறேன்."

அவள் போட்டுக்கொண்டாள். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் காம்பை லேசாக வளைத்து, மறுபடி அவள் காதில் மாட்டி, தலையைச் சாய்த்துப் பார்த்தான். கடையில் யாருக்குச் செய்தாலும் அப்படித்தான் செய்வான்.

"மூக்குல உக்காருதா?"

"உக்காருது. எவ்ளோ ஆச்சு?"

"கேட்டா உதைப்பேன். எங்க கடை மிஷின்ல நான் வெட்டின கடைசி லென்ஸ், வெச்சுக்கோ."

"கடைசின்னா?"

அவன் டம்ளரை எடுத்துக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க கிளையை மூடறாங்களாம்க்கா. நேத்து மீட்டிங் போட்டுச் சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை பெரிய தலைங்க எல்லாம் கூடி முடிவு பண்ணுவாங்களாம். அதெல்லாம் ஒப்புக்கு."

"உங்க கடைல எப்பவும் கூட்டம்தானேடா."

"கூட்டம் வருதாம். வந்தவங்க திரும்பி வர்றதில்லையாம். யாரோ ஆய்வு பண்ணிக் குடுத்திருக்காங்க. எனக்குச் சிரிப்புதான் வந்துது. அந்தத் தொப்பிக்காரப் பெரியவர் இருக்காருல்ல, அவர் கண்ணாடி மேலயே உக்காந்து உக்காந்து உடைச்சு, எங்கிட்ட எத்தனை வாங்கியிருக்காரு. கேட்டா அவரும் திரும்பி வராதவராம்."

போனை எடுத்து, மீட்டிங்கில் பிடித்த ஒரு போட்டோவைக் காட்டினான். மேலே கம்பெனியின் சின்னம். கீழே வரிசையாக ஏழு தூண்கள், கிளைக்கு ஒன்று. ஆறு தூண்கள் நிமிர்ந்து நின்றன. ஆறாவது எண்ணுக்கு மேலிருந்த தூண் மட்டும் குந்தி உட்கார்ந்திருந்தது. எல்லாம் கத்திரிப்பூ நிறம்.

அக்கா புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"இது யாரு பண்ணினதாம்?"

"யாரோ வெளியாளாம். பெரிய கன்சல்டன்ட்டா இருக்கும். அவனுக்கென்ன, ஏசி ரூம்ல உக்காந்து கோடு இழுத்துட்டுப் போயிட்டான். நீ இதையெல்லாம் போட்டுக் குழப்பிக்காத. நல்லபடியா பதில் சொல்லிட்டு வா."

பதிவுகளை வாங்கிக் கொடுத்தவன் அவனே. அப்படியும் சந்தேகம் வரவில்லையா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. வரவில்லை. அக்கா செய்வது காலேஜ் வேலை, மார்க் வாங்குகிற சமாசாரம். கடையை மூடுவது கம்பெனி வேலை. இரண்டும் அவன் மண்டையில் வேறு வேறு அறையில் இருந்தன. அந்த ஆறாம் எண் தன் தம்பியின் கடை என்று அக்காவுக்குச் சந்தேகமே வரவில்லையா என்பது வேறு கேள்வி. வரவில்லை என்றுதான் சொல்கிறாள். நான் எழுதுவதோடு சரி.

தம்பி கடைக்குப் போனதும் நான் ஒரு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சர்க்கரை கேட்கப் போனேன். கதவு திறந்தே கிடந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் திரும்பாமலே, "டப்பா மேல் தட்டுல இருக்கு, எடுத்துக்கோங்க" என்றாள். எடுத்துக்கொண்டேன். போகத்தான் மனம் வரவில்லை.

அவளும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்திருக்கிறாள். பாதி என்னிடமும் பாதி சுவரிடமுமாகச் சொன்னாள்.

பதிவுகள் வந்து சேர்ந்தபோது நிறைய வரிகளில் போன் நம்பர் கட்டம் காலியாக இருந்திருக்கிறது. அந்தக் குறி இல்லாவிட்டால், இன்றைக்கு வந்தவரும் போன வருடம் வந்தவரும் ஒரே ஆள்தானா என்று எப்படித் தெரியும்? தெரியாது. அதனால் காலி வரிகளை எல்லாம் ஒரே தட்டில் நீக்கிவிட்டாள். இதற்குச் சுத்தம் செய்தல் என்று பெயராம். நல்ல சுத்தமான தரவு என்று அவளுடைய பேராசிரியர் பாராட்டக்கூடச் செய்தார். ஆய்வேட்டில் அதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்: முழுமையற்ற பதிவுகள் நீக்கப்பட்டன.

"எந்தக் கிளைலேர்ந்து நீக்கினேன்னு பாக்கலையே" என்றாள். "கூட்டிப் பெருக்கினதை அப்படியே வெளிய கொட்டிட்டேன்."

இப்போது பார்த்தாள். கொட்டியதில் பெரும்பகுதி ஆறாம் கிளையிலிருந்து வந்தது.

போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். நான் சர்க்கரைக் கிண்ணத்தைப் பிடித்தபடி அலமாரியைப் பார்ப்பதுபோல நின்றேன். அவள் போன் நல்ல போன். எதிர்முனைக் குரல் இரண்டு முழம் தள்ளியும் கேட்கும்.

"டேய், பில் போடறப்போ நம்பர் குடுக்க மாட்டேங்கறவங்களுக்கு நீ என்ன பண்ணுவ?"

"இப்ப எதுக்கு இது? நீ இன்னும் கிளம்பலையா?"

"சொல்லுடா."

"காலியா விட்டுடுவேன். நம்ம கடைக்கு வர்றதெல்லாம் பென்ஷன் பார்ட்டிங்க. நம்பர் குடுத்தா லோன் வேணுமான்னு நாள் பூரா போன் வரும்னு பயம்."

"மத்த கிளைல?"

"அங்கல்லாம் காலியா விட்டா திட்டு விழும்னு, பொண்டாட்டி நம்பர், மாமியார் நம்பர்னு எதையாச்சும் அடிச்சுத் தள்ளிடுவாங்க. ஒருத்தன் மாமியார் கணக்குல மட்டும் ஒரு லாரி கண்ணாடி போயிருக்கும்."

"நீ ஏன் அப்படிப் பண்ணலை?"

அவன் சிரித்தான். "நல்லா கேக்கற. தெரியாததை இட்டுக்கட்டி எழுதாத, காலியா விட்டுட்டு அடுத்ததுக்குப் போன்னு சொல்லிக்குடுத்தது யாரு? ஸ்கேலால வேற அடிச்ச. சரி, கிளம்பு. ஆட்டோ பிடிச்சுப் போ, பஸ்ல கசங்காத."

போனை வைத்துவிட்டு, ஆய்வேட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டி என் பக்கம் தள்ளினாள். இரண்டாம் கிளையில் அடிக்கடி வந்து நிறைய வாங்கும் சிலரைப் பற்றி ஒரு பத்தி நிறைய எழுதியிருந்தாள். நிறுவனத்தின் தூண்கள் என்றே போட்டிருந்தாள். அந்தத் தூண் யாருடைய மாமியாரோ.

பிறகு, நீக்கிய வரிகளை மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டே போனாள். திடீரென்று விரல் நின்றது. ஒரு வரியில் வலது கண் பவர், இடது கண் பவர், சாய்வுக் கோணம், சட்டத்தின் விலை எல்லாம் இருந்தன. நம்பர் மட்டும் காலி. அவள் பழைய கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அந்தப் பவரும் அந்தக் கோணமும் அவளுடையவை. எத்தனையோ வருடமாகத் தம்பி கடையில்தான் வாங்குகிறாள், நம்பர் கொடுத்ததே இல்லை. சொந்தத் தம்பி எதற்குக் கேட்கப்போகிறான்?

திரும்பி வராதவர்களில் அவளும் ஒருத்தி. அவள் கையாலேயே நீக்கப்பட்டவள்.

"நான் வரேன்மா" என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தேன். சர்க்கரை என்னிடம் ஏற்கெனவே இருந்தது.

காலேஜுக்குள் நான் போகவில்லை. அவ்வளவு தூரம் எனக்கு மூட்டு ஒத்துழைக்காது. ஆனால் அந்தத் துறையில் டீ கொடுக்கிற அம்மாள் எனக்கு ஒன்றுவிட்ட நாத்தனார். எதையும் கூட்டிச் சொல்ல மாட்டாள், அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம். இன்றைக்கு அது உதவியது.

நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அக்காவின் பேராசிரியர், வெளியிலிருந்து வந்த இருமல்காரத் தேர்வாளர், விருந்தினராக அந்தக் கண்ணாடிக் கம்பெனி மேனேஜர். இந்தப் பக்கம் அக்கா மட்டும். பாடம் ஒப்பிப்பதுபோல அழகாகச் சொல்லிக்கொண்டே போனாளாம். கடைசிப் படம் வந்து, முடிந்தது என்று மேனேஜர் கை தட்டத் தயாரானபோதுதான் நிறுத்தினாள்.

"சார், ஒண்ணு சொல்லணும். நான் நீக்கின பதிவுகள் எல்லா கிளையிலேர்ந்தும் சமமா வரலை. பெரும்பாலும் ஆறாம் கிளை."

பேராசிரியர் முகம் மாறியது. பாராட்டியவர் அவரல்லவா.

"ஆறாம் கிளைல எவ்வளவு போச்சு?" என்று கேட்டார் இருமல்காரர்.

"பாதிக்கு மேல சார்."

"அப்ப ஆறாம் கிளை பத்தி நீங்க சொன்ன முடிவு நிக்காதேம்மா."

"நிக்காது சார்."

டீ ஆறியது. யாரும் எடுக்கவில்லை. பேராசிரியர் தேர்வாளரின் காதில் ஏதோ சொன்னார். தேர்வாளர் இருமினார். பிறகு அவரே சொன்னார்.

"ரெண்டு வழி இருக்கு. இதைத் திருப்பி வாங்கிக்கிட்டு, அந்தப் பதிவுகளுக்கு வேற வழி பண்ணி, மறுபடி கணக்குப் போட்டு, அடுத்த பருவத்துல கொண்டு வரலாம். இல்லேன்னா, ஆய்வின் குறைபாடுன்னு ஒரு பத்தி எழுதிச் சேத்துட்டு இன்னிக்கே முடிச்சுக்கலாம். ரெண்டும் விதிப்படி சரிதான்."

அக்கா பேராசிரியரைப் பார்த்தாள். அவர் பேனா மூடியைப் பார்த்தார்.

"இது தனிநபர் ஆய்வும்மா" என்றார் தேர்வாளர். "நீங்கதான் சொல்லணும்."

இந்த இடத்தில் என் நாத்தனார் மேஜையைத் துடைக்கும் சாக்கில் ரொம்ப நேரம் நின்றிருக்கிறாள். அக்கா ஜன்னலைப் பார்த்தாளாம். அடுத்த பருவம் என்றால் அவளுக்கு இன்னொரு வயது. மேனேஜர் சொன்ன வேலை அதுவரை காத்துக்கொண்டிருக்காது. டைல்ஸ் கம்பெனியில் நாளைக்கும் அதே நாற்காலி, அதே மின்விசிறி. இதையெல்லாம் அவள் நினைத்தாளா, தம்பியை நினைத்தாளா, எனக்குத் தெரியாது. நான் அங்கே இருந்திருந்தால் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பேன். என் நாத்தனாருக்கு முகம் படிக்கத் தெரியாது.

"குறைபாடுன்னு எழுதிடறேன் சார்."

அவ்வளவுதான். மூச்சு விட்டதுபோல எல்லோரும் டீயை எடுத்துக்கொண்டார்கள். தானாக முன்வந்து சொன்ன நேர்மைக்கென்றே தனியாக மார்க் உண்டு என்றார் இருமல்காரர். நல்ல மார்க்குதான் போட்டிருக்கிறார்.

"எனக்கே என்னவோ போல இருந்துச்சு" என்றாள் என் நாத்தனார். "தட்டைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்."

வந்தவள் வராந்தாக் குழாயடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது மேனேஜரும் அக்காவும் வெளியே வந்தார்கள்.

"வாழ்த்துக்கள் மேடம். ஒண்ணாம் தேதி வந்துடுங்க."

"சார், அந்த ஆறாம் கிளை விஷயம். வெள்ளிக்கிழமை கூட்டத்துல இதையும் சொல்லிடுவீங்களா?"

"அந்தப் பத்தியை எழுதினதும் அனுப்புங்க, பின்னிணைப்பாப் போட்டுடலாம்."

"பின்னிணைப்பை யாராவது படிப்பாங்களா சார்?"

"உங்களுக்குத் தெரியாததா?" மேனேஜர் நல்ல மனிதர்தான், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க ரிப்போர்ட்டைத் திருப்பி வாங்கியிருந்தா நான் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லியிருப்பேன். கைல ரிப்போர்ட்டே இல்லைன்னு சொல்லியிருக்கலாம். இப்ப பாஸ் பண்ணிட்டீங்களே. காலேஜே சரின்னு சொன்னதை நான் எப்படித் தப்புன்னு சொல்றது?" பிறகு ஏதோ தோன்றியதுபோலக் கேட்டார்: "ஏன் மேடம், அந்தக் கிளைல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறாள் என் நாத்தனார். எனக்காகத்தான்.

"இல்லை சார்" என்றாள் அக்கா. "அங்க கண்ணாடி வாங்கியிருக்கேன், அவ்வளவுதான்."

போகும்போது ஆட்டோ. வரும்போது பஸ்ஸில் வந்தாள். கசங்கித்தான் வந்தாள்.

நான் படிக்கட்டுத் திருப்பத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அங்கே வெளிச்சம் நன்றாக விழும். பெயின்ட்டு அதற்கு முன்பே கடையிலிருந்து வந்து, மேல் மாடி வாசலில் காத்துக்கொண்டு நின்றாள். நகக்கண்ணில் மஞ்சள் பெயின்ட். புருஷன் அவளுக்கும் அந்தப் போட்டோவை அனுப்பியிருந்தான் என்பது அவள் போனைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"பாஸா அண்ணி?"

"பாஸ்தான்மா."

"சந்தோஷம்." போனைத் திருப்பிக் காட்டினாள். "இந்தப் படத்தைப் பாத்தீங்களா?"

"காலைல காட்டினான்."

"கத்திரிப்பூ. ஆனா அசல் கத்திரிப்பூ இல்லை, ரெண்டு சொட்டு கறுப்பு விழுந்தது. நீங்க பச்சை வெச்சிருந்தீங்க. கண்ணை உறுத்தும்னு சொல்லி, உங்க மேஜைல உக்காந்து மாத்திக்குடுத்தது நான்."

"ஏன், அந்தக் கலரை வேற யாரும் வெக்க மாட்டாங்களா?"

"வெக்கலாம். நாளெல்லாம் கலர்தான் கலக்கறேன் அண்ணி. நான் கலந்தது எனக்குத் தெரியும்."

அக்கா பையைக் கீழே வைத்தாள்.

"தெரிஞ்சு பண்ணலைம்மா. எண்தான் இருந்துது, கடைப் பேர் இல்லை. இன்னிக்குக் காலைலதான் தெரிஞ்சுது."

"அது எனக்குத் தெரியும். நீங்க அப்படிப் பண்றவங்க இல்லை." பெயின்ட்டின் குரலில் சண்டை இல்லை, சண்டை இருந்திருந்தால் எனக்கே நிம்மதியாக இருந்திருக்கும். "காலைல தெரிஞ்சப்புறம் என்ன பண்ணீங்க? அதைக் கேக்கத்தான் நிக்கறேன்."

நான் மடித்த சட்டையை அவிழ்த்து மறுபடி மடித்தேன். இரண்டு முறை மடித்தேன்.

சொன்னேன் என்று அக்கா சொல்லியிருக்கலாம். அது பொய்யில்லை. மூன்று பேர் முன்னால் வாய் திறந்து சொன்னாள், அதற்கு மார்க்கும் வாங்கினாள். அதை ஏன் சொல்லாமல் நின்றாள் என்றால், பெயின்ட்டு அடுத்த கேள்வி கேட்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

"அவர்கிட்ட நான் சொல்லலை" என்றாள் பெயின்ட்டு. "நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிடும். நாத்தனார் மேல குத்தம் சொல்ற பொண்டாட்டி ஆயிடுவேன். நீங்களே சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

"சொன்னா கடை திரும்பி வந்துடுமா?"

"கடையை யாரு கேட்டா அண்ணி?"

அந்த நேரம் பார்த்துக் கீழே கேட் சத்தம். தம்பி ஒரு கேக் பெட்டியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, முழங்கையால் கேட்டைத் தள்ளி, என்னைத் தாண்டி இரண்டிரண்டு படியாக ஏறிப் போனான். நேற்று ஷூவோடு உட்கார்ந்தவனா இவன் என்றிருந்தது.

"என்னாச்சு?"

"பாஸ்" என்றாள் அக்கா. "வேலையும் உறுதியாயிடுச்சு. ஒண்ணாம் தேதி வரச் சொல்லிட்டாங்க. உங்க தலைமை ஆபீஸ்ல."

அவன் கைப்பிடியில் குனிந்து, படிக்கட்டுக் கிணற்றுக்குள் குரல் கொடுத்தான்: "எங்கக்கா பாஸ். எல்லாரும் வாங்க."

கதவுகள் திறந்தன. எங்கள் கட்டடத்தில் கேக் என்றால் கதவு தானாகத் திறக்கும். படியிலேயே வைத்து வெட்டினான். எனக்கு க்ரீம் பூ வந்த துண்டு. எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன், தட்டிக்கொண்டே பார்த்தேன். அக்காவின் கையில் பை இருந்தது, பெயின்ட்டின் கையில் போன் இருந்தது. அதனால் தட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

கூட்டம் கலைந்ததும் தம்பி அக்காவின் மூக்கில் இருந்த கண்ணாடியை லேசாகத் தள்ளிச் சரி செய்தான்.

"பாத்தியா, ராசியான கண்ணாடி. அந்த மிஷினை மூட்டை கட்டறதுக்கு முன்னாடி ஒரு நல்ல காரியம் பண்ணிட்டேன்."

"உன் வேலைக்கு என்னடா பண்ணப்போற?"

"ஏதாவது கிடைக்கும். இல்லேன்னா நீ ஆபீஸ்ல சொல்லி வாங்கிக் குடு. இத்தனை நாள் சொல்லிக் காட்டினது பத்தலைன்னா, அதையும் சேத்துச் சொல்லிக் காட்டிக்கோ." சிரித்தான். பிறகு விரலில் ஒட்டியிருந்த க்ரீமைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "வேற ஒண்ணு பண்ணு. நீ உள்ள போனதும், அந்த ரிப்போர்ட்டை எழுதினது யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. சண்டைக்கெல்லாம் இல்லை. அந்தத் தொப்பிக்காரப் பெரியவரைக் கூட்டிக்கிட்டுப் போயி, இவர்தாங்க திரும்பி வராதவருன்னு ஒருதரம் காட்டணும்."

பெயின்ட்டு மீதிக் கேக்கைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். மூடிவிட்டு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். நானும்தான் பார்த்தேன்.

"சரிடா" என்றாள் அக்கா. "பாத்துச் சொல்றேன்."